பஞ்சும் பனுவலும்: வெற்றுரை, தற்புகழ் என்னும் இரு குற்றங்கள்

 

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடிக்குச் செல்லும் பெருவழியை ஒட்டி அமைந்த ஊர் பந்தல்குடி. வானம் பார்த்த கரிசல் பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிச் சோளமும் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் விதைக்கும் சீமை. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இத்தென்பாண்டிக் கரிசலில் நெடுங்காலம் விளைந்தது. அருப்புக்கோட்டையோ தலைமுறை தலைமுறையாகத் தறி ஓசை கேட்ட ஊர். பருத்தி எடுப்பதும் கொட்டை நீக்குவதும் வில்லால் பஞ்சு கொட்டுவதும் நூற்பதும் பாவு ஓட்டுவதும் இம்மண்ணின் மக்களுக்குக் கைவந்த தொழில்கள்.

இதே நிலத்திற்குப் பழங்காலத்தில் வெண்பு நாடு என்று ஒரு பெயர் வழங்கியது. அந்நாட்டுக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி இருந்தது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அங்குக் கற்ற சமண முனிவர்களின் பெயர்கள் மதுரைக் குன்றுகளில் கல்வெட்டுகளாக நிற்கின்றன. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தின் பெயரும் பழைய பள்ளியை நினைவூட்டுகிறது. பருத்தியும் பள்ளியும் ஒருசேர விளங்கிய இந்நிலத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, பேச்சின் இரண்டு குற்றங்களை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். ஒன்று வெற்றுரை, மற்றொன்று தற்புகழ். இரண்டையும் ஒன்றென எண்ணுவது உலக வழக்கு. அவை ஒன்றல்ல என்பதும், இரண்டிற்கும் மருந்து வேறு வேறு என்பதும் சமண நூல்கள் காட்டும் தெளிவு.

ஆங்கிலத்தின் இரு பஞ்சுச் சொற்கள்

ஆங்கில மொழியில் ஆரவாரமான வெற்றுப் பேச்சைக் குறிக்கச் சொற்கள் பல உள. அவற்றுள் இரண்டு, பருத்தி நாட்டார்க்கு வியப்பளிப்பவை. ஒன்று பாம்பாஸ்ட், மற்றொன்று ஃபஸ்டியன். இரண்டும் முதலில் பேச்சைக் குறித்தவை அல்ல. பஞ்சையும் துணியையும் குறித்தவை.

பாம்பாஸ்ட் என்பது பஞ்சைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் மார்பும் வயிறும் தோளும் புடைத்துத் தோன்றும்படி மேற்சட்டைகளுக்குள் பொதி அடைத்து அணிந்தனர். உள்ளே அடைத்தது பஞ்சு. பஞ்சு போதாவிடத்துக் கம்பளி, குதிரைமயிர், கந்தல், தவிடு ஆகியனவும் இடம்பெற்றன. அந்த அடைபொருளுக்குப் பெயர் பாம்பாஸ்ட். மெலிந்த உடல் பருத்த உடலாகக் காட்சி அளித்தது. பின்னர், சிறிய கருத்தைப் பெரிய சொற்களால் புடைக்கச் செய்யும் பேச்சுக்கும் அப்பெயரே நிலைத்தது.

ஃபஸ்டியன் என்பது அடைபொருள் அன்று, நெய்த துணி. அப்பெயர் எகிப்து நாட்டில் கெய்ரோ நகரத்தின் பகுதியாகிய ஃபுஸ்தாத்திலிருந்து வந்திருக்கலாம் என்பர் சொல்லாராய்ச்சியாளர் சிலர். பாவு ஆளிச்செடியின் நாரால் ஆன நூல். ஊடை பருத்தி நூல். இவ்விரண்டும் கலந்த முரட்டுத் துணியே ஐரோப்பியர் நெடுங்காலம் அறிந்த ஃபஸ்டியன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நெசவாளர் இதனை மிகுதியாக நெய்தனர். பாவாக நின்று இழுவையைத் தாங்கும் வலிய பருத்தி நூலை நூற்க அவர்களுக்கு அந்நாளில் இயலவில்லை. 1769இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் நூற்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அங்குப் பருத்தி நூல் பாவாகும் வலிமை பெற்றது. தமிழகத்துப் பெண்டிர் கைக்கதிரால் நூற்ற நூல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாவாகவும் ஊடையாகவும் நின்று கடல் கடந்து சென்ற துணியாயிற்று என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஃபஸ்டியன் துணியின் மேற்பரப்பில் இழை எழுப்பி, வெல்வெட் போன்ற தோற்றம் தரும் வழக்கமும் உண்டு. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு உயர்ந்த ஆடை. தொட்டுப் பார்ப்போர்க்கு முரட்டுத் துணி. இதனாலேயே, உயர்நடை போலத் தோன்றிப் பொருளோடு பொருந்தாது நிற்கும் பேச்சுக்கும் எழுத்துக்கும் அப்பெயர் இடப்பட்டது.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இவ்விரு சொற்களையும் ஒன்றுக்கொன்று பொருளாகத் தருகிறது. ஆயினும் நுட்பமான ஒரு வேறுபாட்டையும் அது விடவில்லை. பாம்பாஸ்ட் என்றதற்குப் பொருளில்லாப் பெருஞ்சொற்கள் என்பது விளக்கம். ஃபஸ்டியன் என்றதற்கு இயைபில்லாப் பகுதிகளைச் சேர்த்து வீங்கவைத்த நடை என்பது விளக்கம். அடைபொருளும் கலப்புத் துணியும் தத்தம் பழைய இயல்பை இழக்காமலேயே சொற்பொருளாக மாறியிருத்தல் காண்க. முன்னதில் உள்ளே ஒன்றும் இல்லை. பின்னதில் பொருள் சிறிது உண்டு. அதற்குப் பொருந்தா ஆடை மேலே போர்த்தப்பட்டுள்ளது.

இச்சொற்களை ஆள்வதிலும் எச்சரிக்கை தேவை. 1592இல், ராபர்ட் கிரீன் என்னும் நாடகாசிரியர் இறந்த சில நாள்களில், அவர் பெயரில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. புதிதாக முளைத்த நடிகன் ஒருவன் பிறரைப் போலத் தானும் செய்யுளைப் பஞ்சடைத்துப் புடைக்கச் செய்ய வல்லவன் என்று இறுமாந்திருப்பதாக அந்நூல் ஏளனம் செய்தது. ஏளனத்திற்கு இலக்கானவர் ஷேக்ஸ்பியர் என்பது அறிஞர் துணிபு. பிறர் சொல்லை வெற்றுரை என்று பழிப்பதும் சில வேளைகளில் அழுக்காற்றின் குரலாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பவணந்தியாரின் பஞ்சு

ஆங்கிலேயர் பஞ்சில் வெற்றுரையைக் கண்டனர். தமிழ்ச் சமண முனிவர் ஒருவரோ அதே பஞ்சில் நல்லுரையைக் கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் நூல் என்னும் பெயருக்குக் காரணம் விளக்கப்படுகிறது. அங்குச் சொல்லே பஞ்சு; செய்யுளே இழை; புலவனே நூற்கும் பெண்; அவன் வாயே அவள் கை; அவன் அறிவே கதிர். பனுவல் என்னும் சொல் நூலிழையையும் இலக்கியத்தையும் ஒருங்கே குறிப்பது தமிழின் பேறு. சங்க இலக்கியம் போற்றும் பருத்திப் பெண்டிரின் உழைப்பு, பவணந்தியாரின் கையில் இலக்கணக் கொள்கையாக உயர்ந்தது.

இவ்வுவமையை ஆங்கிலச் சொற்களோடு வைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பஞ்சின்மேல் குற்றம் இல்லை. மேற்சட்டைக்குள் அடைத்த பஞ்சும் கதிரில் ஏறிய பஞ்சும் ஒரே செடியில் காய்த்தவையே. நூற்காமல் அள்ளி அடைத்தால் வெறும் புடைப்பு. அளவறிந்து இழுத்து முறுக்கேற்றினால் பாரம் தாங்கும் இழை. சொல்லும் அவ்வாறே. அறிவு என்னும் கதிரில் ஏறாமல் வாயிலிருந்து நேரே வெளிவரும் சொற்குவியலே வெற்றுரை. சொற்கள் பெரியனவாக இருப்பதனால் மட்டும் ஒரு பேச்சு வெற்றுரை ஆவதில்லை. எளிய சொற்களால் ஆனமையால் மட்டும் ஒரு பேச்சு நல்லுரை ஆவதும் இல்லை. நூற்கப்பட்டதா என்பதே கேள்வி.

நன்னூல் எண்ணிக் காட்டும் நூற்குற்றங்கள் பத்தனுள் வெற்றெனத் தொடுத்தல் என்பதும் ஒன்று. மிகைபடக் கூறல் மற்றொன்று. தேவைக்குமேல் நீட்டுவது ஒரு குற்றம். உள்ளீடின்றிச் சொற்களைத் தொடுப்பது வேறு குற்றம் என்று அவர் பிரித்தே வைத்தார். நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவுக்கு இன்றியமையாதது. ஆனால் மெல்லிய துணியைக் கனத்த துணியாகக் காட்டக் கஞ்சியை மிகுதியாக ஏற்றினால், முதல் சலவையிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். மேடையில் விறைத்து நின்ற பல உரைகள், கேட்டவர் வீடு சேர்வதற்குள் துவண்டுவிடுவதும் இதனாலேயே.

பதரும் தம்பட்டமும்

இதுவரை கண்ட ஆங்கிலச் சொற்கள் இரண்டும் பேச்சின் தன்மையை இகழ்கின்றன. பேசுவோனின் உள்ளத்தை அவை நேரே தொடுவதில்லை. தமிழ் வழக்கில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் படிமங்கள் உண்டு. களத்துமேட்டில் தூற்றும்போது காற்றில் பறக்கும் பதர், உள்ளீடற்ற பேச்சுக்குப் படிமம். பயனில்லாச் சொல்லைப் பாராட்டுவோனை மக்களுள் பதர் என்று திருக்குறள் ஒதுக்குகிறது. தெருவில் முழங்கும் தம்பட்டம், தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் பேச்சுக்குப் படிமம். பதர் ஓசை எழுப்பாது. அதன் குற்றம் வெறுமை. தம்பட்டமோ ஊரைக் கூட்டும். அதன் குற்றம் தன்னை முன்னிறுத்தல்.

திருக்குறளில் இவை அமைந்த இடங்களும் வேறு வேறு. பயனில சொல்லாமை இருபதாம் அதிகாரம். இல்லறவியலில், புறங்கூறாமையை அடுத்து நிற்பது. தன்னை வியந்துகொள்ளலாகாது என்னும் அறிவுரையோ நாற்பத்து நான்காம் அதிகாரமாகிய குற்றங்கடிதலில், அரசியலில் நிற்பது. வெற்றுரை இல்லத்தில் வாழும் எல்லார்க்கும் நேரக்கூடிய வழு. தன்னை வியத்தல், செல்வமும் பதவியும் கைவந்தோர் தனிக் கவனம் செலுத்த வேண்டிய வழு. இவ்வாறு கொள்வது அவ்விட அமைப்போடு பொருந்துகிறது.

தத்துவார்த்த சூத்திரம் இப்பாகுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. உமாசுவாமி ஆசாரியர் வெற்றுரையை ஏழாம் அத்தியாயத்தில், சிராவகரின் விரதங்களைப் பேசுமிடத்தில் வைத்தார். பயனின்றி இழைக்கும் தீங்கிலிருந்து விலகுதல் அனர்த்ததண்ட விரதம். அதன் ஐந்து அதிசாரங்களுள் மௌகரியம் ஒன்று. துடுக்கோடு கூடிய பொருளற்ற மிகுபேச்சு என்பது அதன் கருத்து. ஒரு பயனும் கருதாது பேசிய பேச்சில் தீங்கு எங்ஙனம் வரும் என்று வினவலாம். பயன் கருதாமையே அங்குத் தீங்கின் வேர். பயன் கருதிப் பேசுவோன் ஓரிடத்தில் நிறுத்துவான். பயன் கருதாதவனுக்கு நிறுத்துமிடம் இல்லை. சொல் பெருகப் பெருகப் பொய் கலக்கும். பொய் போதாவிடத்துப் பிறர் குறை கலக்கும்.

தற்புகழை அவர் வைத்த இடம் ஆறாம் அத்தியாயம். வினை உயிரில் வந்து சேரும் வாயில்களைப் பேசும் பகுதி. அங்கு நான்கு செயல்கள் ஒருங்கே தொகுக்கப்பட்டுள்ளன: பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணங்களை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணங்களை உள்ளனவாகக் காட்டல். இந்நான்கும் தாழ்ந்த கோத்திர வினைக்குக் காரணம் என்றும், இவற்றின் மறுதலையும் பணிவும் செருக்கின்மையும் உயர்ந்த கோத்திர வினைக்குக் காரணம் என்றும் சூத்திரங்கள் கூறுகின்றன. உயர்வு தேடித் தற்புகழில் இறங்குவோன் தாழ்வையே தேடிக்கொள்கிறான் என்பது இதனால் பெறப்படும். தன்னைப் புகழ்தலும் பிறர் நலத்தை மறைத்தலும் ஒரே பட்டியலில் நிற்பதை மறத்தல் ஆகாது. ஒருவன் தன் படத்தைப் பெரிதாக வைக்கும்போது அருகில் நின்றவர் படத்தின் பாதி மறைவது இயல்பு.

ஆகவே மருந்தும் இரண்டு. வெற்றுரைக்கு மருந்து அளவு. முனிவர்க்கு வசன குப்தியும் பாஷா சமிதியும் விதிக்கப்பட்டன. இல்லறத்தார்க்கு அனர்த்ததண்ட விரதம் விதிக்கப்பட்டது. நன்மை தருவதாகவும், அளவுடையதாகவும், இனியதாகவும் பேசுக என்பது அவற்றின் சாரம். தற்புகழுக்கு அளவு மருந்தாகாது. மூன்றே சொற்களில் தன்னைப் புகழ்வோனும் தன்னைப் புகழ்ந்தவனே. அதற்கு மருந்து, தசலட்சண அறங்களுள் இரண்டாவதாகிய மார்த்தவம். அதாவது உள்ளத்தின் மென்மை, பணிவு. வெகுளி, மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானத்தை வெல்வது அது. அறிவு, வழிபாடு பெறுதல், குலம், இனம், வலிமை, செல்வம், தவம், உடலழகு என்னும் எட்டும் செருக்குக்குரிய இடங்கள் என்பது சமண நூல்கள் கூறுவது. தவமும் அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோன்பு நோற்றவர் அந்நோன்பைச் சொல்லிக்காட்டும் பொழுதில், நோன்பின் பயனே வினைக்கு வாயிலாகிவிடுகிறது.

உண்மையே ஆயினும்

தற்புகழ் பொய்யாக இருந்தால்தான் குற்றம், உண்மையாக இருந்தால் குற்றமில்லை என்பாரும் உளர். பவணந்தியார் இதற்கு விடை கூறிவிட்டார். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதும் உரிமை யார் யார்க்கு உண்டு என்று அவர் வரையறுத்தார். நூலாசிரியனின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே அதற்குரியோர். நூலாசிரியன் அப்பட்டியலில் இல்லை. இதுவரை தோன்றாத நூலைத் தோற்றுவித்துப் பல துறைகளையும் முடித்தவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது அடுத்து வரும் விதி. அப்புலவனின் பெருமை உண்மையானது, ஐயத்திற்கு இடமற்றது. அதனையும் அவன் வாயால் அவன் சொல்லலாகாது. வெற்றுரை பொருளின்மையால் குற்றமாயிற்று. தற்புகழோ பொருள் உள்ளவிடத்தும் குற்றமாயிற்று. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே முடிந்த சான்று.

ஆயினும் பவணந்தியார் வாழ்க்கை அறிந்தவர். நான்கு இடங்களில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் அளித்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது. தம் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில். எதிரி தம்மைப் பழித்த பொழுதில். இந்நான்கையும் கூர்ந்து நோக்கின், அவை நான்கிலும் பேசுவோனின் ஆசையைக் காட்டிலும் கேட்போரின் தேவை முன்னிற்பது புலப்படும். தெரியாதவர்க்குத் தெரிவித்தல் வேறு. தெரிந்தவர் வியக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கூறுதல் வேறு.

இவ்விலக்கு இன்றைய இளையோர்க்கு மிகவும் வேண்டுவது. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதும் நேர்காணலில் விடை கூறுவதும் இக்காலத்து அரசவை ஓலைகள். அங்குத் தாம் கற்றதையும் செய்ததையும் தெளிவாகச் சொல்லுதல் செருக்கன்று. பணிவு என்ற பெயரால் வாய்மூடி நின்று வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும் உளர். நன்னூலார் அவர்களைப் பேச அனுமதிக்கிறார். உள்ளதை உள்ளவாறு கூறுக, இல்லாததைச் சேர்க்கற்க, உடன் உழைத்தோரின் பங்கை மறைக்கற்க. இம்மூன்று எல்லைகளுக்குள் நின்றால் ஆறாம் அத்தியாயத்தின் பட்டியல் அவர்களைத் தீண்டாது.

சமுதாயத்தின் பெருமையும் இதே அளவுகோலுக்கு உட்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சமணர் அனைவரும் சேர்ந்தும் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. அத்தொகையிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பழங்குடிச் சமணர் ஒரு பகுதியினரே. 2014இல் சமணர்க்குத் தேசியச் சிறுபான்மையினர் என்னும் நிலை வழங்கப்பட்டது. தமிழர்க்குள் சமணர் உளரா என்று இன்றும் வினவுவோர் பலர். அவர்களிடம் சீவக சிந்தாமணியையும் யாப்பருங்கலக் காரிகையையும் நேமிநாதத்தையும் நன்னூலையும் சூடாமணி நிகண்டையும் எடுத்துக் கூறுதல், தன் ஆற்றல் உணராரிடைப் பேசுதல் என்னும் விலக்கினுள் அடங்கும். அது கடமையும் ஆகும்.

ஆனால் விழா மேடையில், அனைத்தும் அறிந்த உறவினரிடையே, கிடைத்த நூல்களையெல்லாம் தமக்கே உரியனவென முழங்குதல் அவ்விலக்கினுள் அடங்காது. குந்தகுந்த ஆசாரியரே ஏலாசாரியர் என்றும், திருக்குறளை அருளியவர் அவரே என்றும் சமண மரபில் ஒரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கையை நம்பிக்கை என்று கூறுதல் நேர்மை. அதனையே மறுப்புக்கு இடமின்றி நிறுவப்பட்ட வரலாறு என்று கூறுதல் மேற்சட்டைக்குள் பஞ்சடைத்தல். கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி நாள்தோறும் வரும் பெருமைச் செய்திகளும் அத்தகையனவே. அவற்றை ஆராயாது பிறர்க்கு அனுப்புவோரும் அப்பஞ்சைச் சுமப்போரே. அடைத்த பஞ்சின் பெருந்தீங்கு யாதெனின், அது வெளிப்படும் நாளில் உண்மையான உடலும் ஐயத்திற்கு உள்ளாகும். இல்லாத ஒன்றைச் சேர்த்துரைத்தமையால், உள்ள நூறு சான்றுகளும் மதிப்பிழக்கும். எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்திற்கு அவ்விழப்பைத் தாங்கும் வலிமை இல்லை. அதன் சொல்லே அதன் செல்வம்.

குறண்டி முனிவர் காட்டிய வழி

உள்ள சான்றுகளின் தன்மையை அறியக் குறண்டிக்கே மீளலாம். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், செட்டிப்பொடவு என்னும் குகைப்பகுதியில், ஒரு திருமேனியின் கீழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. வெண்பு நாட்டுக் குறண்டியின் அட்டோபவாசி படாரர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். அவர் குயிற்குடி ஊரார் பேரால் இத்திருமேனியைச் செய்வித்தார். இதுவே அதன் செய்தி.

அக்கல்வெட்டின் அமைப்பை உற்று நோக்குக. முதலில் நாடு, பின்னர்ப் பள்ளி இருந்த ஊர், பின்னர் ஆசிரியரின் ஆசிரியர், பின்னர் ஆசிரியர், அவர்க்கெல்லாம் பின்னரே செய்வித்தவர் பெயர். புண்ணியமோ தம் பேரால் அன்று, ஊரார் பேரால். தாம் கற்ற நூல்கள் எத்தனை, நோற்ற நோன்புகள் எத்தனை என்று அவர் ஒரு சொல்லும் பொறிக்கவில்லை. நோன்பைக் குறிக்கும் சொல் ஒன்றே அங்கு உண்டு. அட்டோபவாசி என்னும் அப்பெயர் அவருடைய குருவின் குருவுக்கு உரியது. பிறர் தவம் பேசப்பட்டது. தம் தவம் பேசப்படவில்லை. முதலாம் இராசராசன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகள் வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்திகளோடு தொடங்கலாயின. அது அரசியலின் தேவை. துறவியர் கல்வெட்டோ சில சொற்களில் முடிந்தது. கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உளியால் வெட்டப்பட வேண்டியது. பஞ்சு அடைக்க அங்கு இடமில்லை. அச்சொற்கள் ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கி, வெண்பு நாட்டில் ஒரு பள்ளி இருந்தது என்பதற்கு இன்று யாரும் மறுக்கவியலாச் சான்றாக நிற்கின்றன. நூற்ற இழை பாரம் தாங்கும் என்பது இதுவே.

இத்திருவிழா நாள்களில் மார்த்தவத்திற்கு உரிய நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நோன்பு மேற்கொள்ளலாம். அன்று ஒருநாள் வீட்டார் ஒவ்வொருவரும் பிறர் ஒருவரின் நற்செயலை, அவர் பெயரோடு, உள்ளவாறு எடுத்துரைக்க வேண்டும். தம்மைப் பற்றிய பேச்சைத் தவிர்க்க வேண்டும். அறக்கட்டளைகளும் தம் கல்வெட்டுகளிலும் மலர்களிலும் கொடையாளர் பெயரோடு, கோயிலைக் கூட்டிப் பெருக்கியோர், சமைத்தோர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோர் பெயர்களையும் பொறிக்கலாம். கனகவீரப் பெரியடிகள் ஊரார் பேரை மறவாதது போல.

பேசுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. இச்சொல் அறிவென்னும் கதிரில் ஏறி வந்ததா என்பது ஒன்று. வெற்றுரையை அது தடுக்கும். இச்சொல் கேட்போர்க்கு வேண்டுமா, பேசுவோர்க்கு வேண்டுமா என்பது மற்றொன்று. தற்புகழை அது தடுக்கும். இரண்டிலும் தேறிய சொல்லே பனுவலாகும்.

அருகநெறி ஓங்குக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.